கோட்டுப் பையில் இருந்தது

ஜூன் 6

அன்புள்ள அண்ணா,

நீ போனபிறகு எழுதும் முதல் கடிதம். இங்கே அம்மா, அப்பா, நான், கடையில் நாள் முழுக்கக் கத்தும் பெரிய சலவை மிஷின், எல்லோரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? சாப்பாடு இறங்குகிறதா? கை நடுக்கம் குறைந்ததா? அங்கே போன் கூடாது, கடிதம் மட்டும்தான் என்று வார்டன் சொன்னதும் அம்மாவின் முகம் தொங்கிப்போனது. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. போனை எடுத்தால் எனக்கு 'ஹலோ'வுக்கு மேல் வராது என்று உனக்குத் தெரியும்.

கேட்பவர்களிடமெல்லாம் நீ ஏசி மெக்கானிக் வேலை பழகப் போயிருப்பதாக அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். நேற்று எதிர்மாடி டீச்சர், "பையன் எப்ப வருவான்? எங்க வீட்டு ஏசி சொட்டுச் சொட்டா ஒழுகுது" என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "வந்ததும் முதல் வேலையே உங்க வீடுதாங்க" என்றாள். ஆகவே வரும்போது அந்த வேலையையும் கற்றுக்கொண்டு வந்துவிடு. நீ சிரிப்பாய் என்றுதான் இதை எழுதுகிறேன். அங்கே நின்றிருந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னை ஏற்றிப்போகப் பள்ளி வாசலில் ஆம்புலன்ஸ் நின்றதைத் தெருவே பார்த்தது. அந்த டீச்சருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறார். ஏற்கெனவே மடித்து வைத்த தலையணை உறைகளைப் பிரித்து நான் மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். கோபப்படாதே. கடையில் கை போதவில்லை. வேறு காரணம் ஒன்றுமில்லை. துணி பிரிக்கும் மேஜையில் நீ நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். அப்பா எனக்கும் அதே பாடத்தை எடுத்தார். "பாக்கெட்ல எது இருந்தாலும் பேப்பர் உறைக்குள்ள போடு, ஸ்டேப்ளர் பின் அடி, துணியோட ஹேங்கர்ல மாட்டு. என்ன ஏதுன்னு பாக்காத. வெளிய மூச்சு விடாத. ஜனங்க நம்மளை நம்பித்தான் அழுக்கக் குடுக்கறாங்க." பார்க்காமல் எப்படி எடுப்பது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

உன்னிடம் சொல்வது வெளியே சொல்வதாகாது. கணக்கு வாத்தியாரின் பையில் பொம்மைக் காரின் சக்கரம் ஒன்று இருந்தது. சர்க்கரை வியாதிக்காரரான போலீஸ்காரரின் பையில் சாக்லேட் தாள்கள், எல்லாம் பொடிப்பொடியாகக் கிழித்து. பாவம், வீட்டுக்குப் பயந்திருக்கிறார்.

அப்பா உன் பேச்சை எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

ஜூன் 21

அன்புள்ள ஊமைக்குட்டி,

உன் கடிதம் கிடைத்தது. நேரில் ஒரு வாரத்தில் பேசுவதைவிடக் கடிதத்தில் அதிகமாகப் பேசுகிறாய். நான் இருக்கிறேன். கை நடுக்கம் போய்விட்டது. தூக்கம்தான் வந்தும் வராமலும் விளையாடுகிறது. இந்த மறுவாழ்வு இல்லத்தில் எல்லோருக்கும் முறை வைத்து வேலை. எனக்கு இந்த வாரம் உருளைக்கிழங்கு உரிப்பது. என் அறையில் ஒரு லாரி டிரைவர் இருக்கிறார். என்னைத் 'தம்பி சார்' என்று கூப்பிடுகிறார். ஏனென்று கேட்டால், "படிச்ச பையனாச்சே, மரியாதை வேணாமா?" என்கிறார். அவரும் நானும் ஒரே மாத்திரையில் விழுந்தவர்கள். அவருக்கு முதுகுவலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது. எனக்கு எந்த வலியும் இல்லை. அதைச் சொல்லத்தான் கூசுகிறது.

நீ பள்ளியை விட்டது எனக்குப் பிடிக்கவில்லை. திட்டுகிற தகுதி எனக்கு இல்லை. அதனால் இத்தோடு விடுகிறேன்.

என் கூட்டாளி சோடா நம் கடைக்குத் துணி போட வருகிறானா? எப்படி இருக்கிறான்?

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். அப்பா கேட்காவிட்டாலும் சொல்.

உன் அண்ணன்

ஜூலை 5

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை அம்மா முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எடுத்து எடுத்துப் படிக்கிறாள். அப்பாவிடம் வணக்கம் சொன்னேன். அவர் மிஷினில் சோப்புத்தூள் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவையும் போட்டார். நுரை கதவு வழியாகப் பொங்கி வெளியே வந்தது. அதுதான் அவர் பதில்.

சோடா போன வாரம் வந்தான். கண்ணாடி இன்னும் தடித்திருக்கிறது. இளைத்திருக்கிறான். அவனுடைய அம்மா, பேங்க் மேனேஜர், அவனுடனே வந்தார். என்னைப் பார்த்துவிட்டு அவனிடம், எனக்குக் கேட்கிற மாதிரி, "நல்ல வேளை, நீ அவனோட சேராம தப்பிச்ச" என்றார். சோடா தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும். தரையில் ஒரு பித்தான் கிடந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

போன மாதம் வேறு இரண்டு பிள்ளைகளும் வகுப்பிலேயே மயங்கி விழுந்திருக்கிறார்கள். பிழைத்துவிட்டார்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். மூக்கில் அடித்தால் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து ஒன்றைப் பள்ளியில் வாங்கி வைப்பதா என்று இரண்டு மணி நேரம் சண்டையாம். அதை வாங்கினால் நம் பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பலர் சொன்னார்களாம். கடைசியில் வாங்குவதாக முடிவாயிற்று. அம்மா கூட்டத்துக்குப் போகவில்லை. அன்றைக்கு அவளுக்குத் தலைவலி.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். சும்மாதான். நீ சாப்பிட்ட மாத்திரை என்ன நிறம்? வெளிர் நீலமா? நடுவில் ஒரு கோடு இருக்குமா? சீக்கிரம் எழுது.

அக்கறையோடு,
உன் தங்கை

ஜூலை 13

அன்புள்ள அண்ணா,

நலமா? உன் பதில் இன்னும் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே நான் வாசலுக்குப் போய்விடுகிறேன். அவர், "கல்யாணப் பத்திரிகையா எதிர்பாக்கற?" என்று கேலி செய்கிறார். முகத்தில் ரத்தம் ஏறி உள்ளே ஓடி வந்துவிட்டேன்.

நான் கேட்டது பெரிய விஷயமில்லை. சளிக்குச் சாப்பிடும் மாத்திரைகூட அந்த நிறத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு கோட்டு இஸ்திரி முடிந்து தயாராக மாட்டியிருக்கிறது. நாளைக்கு வாங்க வருவார்கள். அவ்வளவுதான். விட்டுவிடு.

உன் தங்கை

ஜூலை 22

அன்புள்ள ஊமைக்குட்டி,

இங்கே சுகம். அங்கே எல்லோரும் சுகம்தானே? நான்கு நாளாக விடாத மழை. மைதானம் குளமாகிவிட்டது. லாரி டிரைவர் சேற்றில் வழுக்கி விழுந்து, "வண்டிய ரிவர்ஸ் எடுங்கடா" என்று படுத்தபடியே கத்தினார். மூன்று பேர் காலைப் பிடித்து இழுத்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நிறமெல்லாம் எதற்குக் கேட்கிறாய்? அதை மறக்கத்தானே இங்கே இருக்கிறேன். கேட்டது பெரிய விஷயமில்லை என்று நீயே எழுதிவிட்டாயே.

சோடா எப்படி இருக்கிறான்? வந்தானா? அவனைப் பற்றி எழுது.

உன் அண்ணன்

ஆகஸ்ட் 3

அண்ணா,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ நன்றாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

சோடா விழுந்துவிட்டான். பள்ளிக் கழிவறையில். வாட்ச்மேன் கதவை உடைத்துத் தூக்கியிருக்கிறார். உதடு நீலம் பாய்ந்திருந்ததாம். புதிதாக வாங்கி வைத்த மருந்தை நர்ஸ் மூக்கில் அடித்தார். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தடவை அடித்தபிறகுதான் மூச்சு வந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிறான். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள்.

அவன் பள்ளிக் கோட்டுப் பையில்தான் நான் அந்த நீல மாத்திரையைப் பார்த்தேன். உனக்கு எழுதினேனே, அந்த வாரம். பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்பைக்குள் இருந்தது. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. சளி மாத்திரை என்று உனக்கு எழுதியது பொய். சளி மாத்திரையை யாரும் அப்படிச் சுற்றி வைக்க மாட்டார்கள். நீ விழுந்த அன்று உன் சட்டையை இதே மேஜையில் நான்தான் பிரித்தேன். அதன் பையிலும் இதேதான் இருந்தது.

அப்பா சொல்லிக்கொடுத்தபடி உறைக்குள் போட்டேன். பின் அடித்தேன். ஹேங்கரில் மாட்டினேன். உன் கடிதம் வரட்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். கடிதம் வருவதற்குள் அவன் வந்துவிட்டான். கோட்டைக் கொடுத்தேன். அவன் உறையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "தேங்க்ஸ்" என்றான். திருப்பிக் கொடுத்ததற்கு எனக்கு நன்றி சொன்னான், அண்ணா. நான் தலையை ஆட்டினேன். இங்கே வேலைக்கு நின்றதிலிருந்து ஒரு வாடிக்கைக்காரர் எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் உடம்பைத் தோலோடு உரித்துப் போட வேண்டும் போலிருக்கிறது.

அம்மாவிடமும் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

உன் தங்கை

ஆகஸ்ட் 12

ஊமைக்குட்டி,

நீ தனியாக அழாதே. என்னையும் சேர்த்துக்கொள்.

நீ நிறம் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. யாருடையது என்பதும் தெரிந்தது. உன் கடிதம் ஒரு வாரத்துக்கு மேல் என் தலையணைக்கு அடியில் கிடந்தது. 'ஆமாம், நீலம், கோடு உண்டு, உடனே அவன் அம்மாவிடம் போய்ச் சொல்' என்று எழுத ஒரு நிமிஷம் போதும். நான் மழையைப் பற்றி எழுதினேன்.

நான் விழுந்த அன்று சோடா என்னோடு இருந்தான். மற்றவன் என்றால் ஓடியிருப்பான். அவன் ஓடவில்லை. என்னைப் பக்கவாட்டில் புரட்டிப் போட்டு, வாயைத் துடைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கத்திக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரியில் யாரும் இல்லாதபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் சாப்பிடறேன்னு எங்கம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுடா" என்றான். சத்தியம் செய்தேன். உயிரைக் காப்பாற்றியவனிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? அந்தச் சத்தியத்தைப் பெரிய மனுஷன் மாதிரி காப்பாற்றினேன். அவன் செத்திருந்தால் அதற்காகத்தான் செத்திருப்பான்.

இங்கே மாலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். இன்றைக்கு என் முறை வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. டிரைவர், "தம்பி சாருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு" என்று சொல்லி என்னைக் காப்பாற்றினார். இப்படி எல்லோரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

அவன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் எழுது.

உன் அண்ணன்

செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணா,

எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்குச் சுகம்தானே?

சோடா வீடு திரும்பிப் பள்ளிக்கும் போகிறான். அதற்குள் இன்னொரு கூட்டம் நடந்தது. இந்தத் தடவை அம்மா போனாள், நானும் துணைக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மேனேஜரம்மா மைக்கைப் பிடித்து, "என் பையன் முதல் மார்க் வாங்கற பையன். அவனுக்கு இந்தப் பழக்கம் எங்கேருந்து வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். சலவைக்கடைக்காரங்க பையனைக் கமுக்கமா வெளியூர் அனுப்பிட்டாங்க. நம்ம பிள்ளைங்க இங்க சாகுது" என்றார். மண்டபமே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அம்மா பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். பையில் சாவியைத் தவிர ஒன்றும் இல்லை. எழுந்து, "உங்க பையன்தான் என் அண்ணனைக் காப்பாத்தினாரு" என்று சொல்ல எனக்குத் தோன்றியது. நானும் அந்தப் பைமேல் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு பாதி வீடுகள் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டன. ஏசி ஒழுகுகிற டீச்சர்கூட.

முந்தாநாள் சோடாவே வந்தான், தனியாக. "அம்மாவுக்குத் தெரியாது. அந்தப் புதுக் கடையில கோட்டச் சுருக்கிட்டாங்க" என்று சொல்லிக் கோட்டை மேஜையில் வைத்தான். உடனே போகவில்லை. என்னவோ சொல்ல வந்தவன் மாதிரி நின்றான். நானும் என்னவோ கேட்கப் போகிறவள் மாதிரி நின்றேன். பிறகு போய்விட்டான். கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். அதே தாள். அதே நீலம்.

நான் உறையை எடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் பார்த்ததும், "உறைல போடு" என்றார்.

"அப்பா, அண்ணன் சாப்பிட்டது இதுதாம்பா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"யாருது?"

சொன்னேன். முன்னால் பார்த்ததையும் சொன்னேன். அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஓடிக்கொண்டிருந்த மிஷினைப் பாதியில் நிறுத்தினார். ஊறிய துணியோடு அதை அவர் நிறுத்தியதே இல்லை. "நான்தாம்மா சொன்னேன், உறைல போடுன்னு" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, "வா" என்றார்.

கதவைத் திறந்த மேனேஜரம்மா எங்களைப் பார்த்ததும் பாதி சாத்திக்கொண்டார். அப்பா மாத்திரையை நீட்டினார். "உங்க பையன் கோட்டுல இருந்துச்சுங்க. எங்க பையன் தின்னதும் இதேதான்."

"துணி குடுத்தா பாக்கெட்ட நோண்டுவீங்களா? இதான் உங்க கடை லட்சணமா?"

"நோண்டினோம்மா. அதுக்கு நீங்க எங்களை என்ன வேணா சொல்லுங்க. பையனை மட்டும் இன்னிக்குத் தனியா விடாதீங்க."

கதவு மூடிக்கொண்டது. மூடும் முன்னால் மாடிப்படியில் சோடா நிற்பது தெரிந்தது. அவன் முகத்தில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவதா என்று எனக்குப் புரியவில்லை. மாத்திரை அப்பாவின் கையிலேயே இருந்தது. வழியெல்லாம் அதைப் பொத்திக்கொண்டே வந்தார், யாராவது பறித்துவிடுவார்கள் என்பதுபோல. வீட்டுக்கு வந்ததும், "உங்கண்ணன் கடுதாசி இருந்தா குடு" என்றார். உன் எல்லாக் கடிதங்களையும் கொடுத்தேன்.

உன் தங்கை

செப்டம்பர் 27

அன்புள்ள தங்கைக்கு,

ஊமைக்குட்டி என்று இனிமேல் உன்னைக் கூப்பிடலாமா என்று யோசனையாக இருக்கிறது. நான் நலம். அப்பா என் கடிதங்களைக் கேட்டு வாங்கினார் என்பதைப் படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன்.

சோடா இங்கே இருக்கிறான். போன வாரம் அவனுடைய அம்மா காரில் கொண்டுவந்து விட்டார். என்னைப் பார்த்தார். திரும்பிக் காரில் ஏறிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதல் சில நாள் அவனுக்கு உடம்பு படுத்திய பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நேற்றுதான் என்னிடம் வாயைத் திறந்தான். "உன் தங்கச்சிக்குப் பேச வராதுன்னு நெனச்சுத்தான்டா அந்தக் கடைக்கே போனேன்" என்றான். பிறகு, "கோட்டுல அத மறந்து வெச்சேனா, வேணும்னே வெச்சேனான்னு எனக்கே தெரியல" என்றான். சாயங்காலம் வட்டத்தில் என் முறை வந்ததும், அவனுக்குச் செய்த சத்தியத்தை அவன் முன்னாலேயே போட்டு உடைத்தேன். அவன் எழுந்து போகவில்லை.

இன்னொன்றும் சொன்னான். நீ ஏன் பள்ளியை விட்டாய் என்பதை. உன் பெஞ்சில் தினமும் யாரோ மாத்திரை படம் வரைந்து வைப்பார்களாமே. 'தங்கச்சி மாத்திரைக் கடை எப்ப திறக்கும்' என்று கேட்பார்களாமே. கை போதவில்லை என்று எனக்கு எழுதினாய். உன் எதிரில் வந்து நிற்க எனக்கு முகம் வேண்டும். அதைத் தேடிக்கொண்டு இருக்கிறேன்.

உன் அண்ணன்

அக்டோபர் 11

அன்புள்ள அண்ணா,

நலம். உன் முகத்தைத் தேட வேண்டாம், இருக்கிற முகத்தோடு வா.

மேனேஜரம்மா வீட்டு வாசலில் நடந்தது தெருவெல்லாம் பரவிவிட்டது. அதில் எனக்குப் புதிய வெட்கம் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. நின்றுபோன வீடுகளின் துணி திரும்பி வருகிறது. அம்மாமார்கள் பள்ளிச் சீருடையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து, "பாத்துட்டு ஏதாச்சும் இருந்தா சொல்லும்மா" என்று ரகசியமாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தெருவில் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். ஒரு பெண் என் காலடியில் துப்பினாள். ஏசி டீச்சர் தன் மகளின் பாவாடையோடு வந்தபோது எனக்குத் தாங்கவில்லை. "நீங்களே அவகிட்ட கேளுங்க மிஸ்" என்றேன். அவர், "எப்படிக் கேக்கறதுன்னு தெரியலம்மா" என்றார். அவ்வளவு படித்தவர் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். எனக்கும் தெரியாது என்றேன்.

நேற்று மேனேஜரம்மா வந்தார். கையில் துணி இல்லை. கடையில் கூட்டம். ஒதுங்கி நின்று, எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தார். போகப் போக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் பொறுக்க முடியாமல் என் மேஜைக்கு வந்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும். அவன் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி... அந்தக் கோட்டு இங்கதான வந்துச்சு? அப்பவும் பாத்தியா?"

இஸ்திரிப் பெட்டியை அம்மா நிமிர்த்தி வைத்த சத்தம் கேட்டது. இல்லை என்று சொல்லலாம். அப்பா, நீ, சோடா தவிர யாருக்கும் தெரியாது. அவரும் அது போதும் என்பதுபோலத்தான் நின்றார்.

"பாத்தேன்" என்றேன். "உறைக்குள்ள போட்டு உங்க பையன் கையிலயே குடுத்தேன்."

அவர் கன்னத்தில் அறைவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த உறைய நானும் பிரிச்சுப் பாத்தேன்" என்றார். "பாத்துட்டு, மறுபடி பின் அடிச்சு, இருந்த எடத்துலயே வெச்சேன். கேட்டா அவன் ஆமான்னு சொல்லிடுவானோன்னு."

அம்மா தன் ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்கார்ந்தார். அழுதபோது முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொள்ளவில்லை. வாசலில் இரண்டு பெண்கள் பள்ளித் துணியோடு வந்து நின்றார்கள். நான் கதவை ஒருக்களிக்கப் போனேன்.

"தொறந்தே இருக்கட்டும்மா" என்றார் அவர்.

சோடாவிடம் இதை நீ சொல்லாதே. அவர் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறார். அவரே சொல்லட்டும்.

உன் தங்கை